இடது குதிகாலுக்கு நேரே

காலை ஆறே கால் மணி. யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் கிருபாகரன் அந்த நேரத்தைச் சொல்லியிருந்தார். பார்வை போன பிறகு அவர் கோல்ஃப் மைதானத்துக்கு வருவது இதுதான் முதல் முறை. அங்கிருக்கும் மணற்குழியிலிருந்து ஒரு பந்தாவது மேலே ஏறாவிட்டால் மட்டைகளைத் தம்பி மகனுக்குக் கொடுத்துவிடப்போவதாக மனைவி லீலாவிடம் சொல்லியிருந்தார். அவள் அவரைக் குழிக்குள் இறக்கி நிறுத்தினாள். இரண்டு கால்களுக்கும் நடுவே வருகிற மாதிரி பந்தை வைத்து, மட்டையின் நுனியை அதன் பின்னால் கொண்டுபோய் விட்டாள். அடித்தார். பந்து குழியின் கரையில் மோதி, உருண்டு வந்து அவர் ஷூவில் இடித்தது. அடுத்ததும் அப்படியே வந்து இடித்தது.

“எங்க வச்சிருக்க?”

“நடுவுலதான்.”

“இடது குதிகாலுக்கு நேரா வை. இங்க பந்த அடிக்கக் கூடாது லீலா. பின்னால மூணு விரக்கடை தள்ளி மணல அடிக்கணும். மணலே பந்தத் தூக்கிட்டுப் போயிரும்.”

“அப்ப பந்தப் பாக்கவே வேணாமே. இதுக்கா ஆறு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருந்தீங்க?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்குவதற்குள் மட்டையை வீசினார். அது மணலுக்குள் மெத்தென்று புகுந்து வெளியே வந்தது. லீலாவின் தலையெல்லாம் மணல். அவர் காலை நகர்த்தாமல், பந்து ஷூவில் வந்து இடிப்பதற்காகக் காத்து நின்றார்.

“லீலா, இன்னும் திரும்பி வரலையே?”