ஒன்பது விநாடிகள்

இடி இடித்தது. அதன் பின்னாலேயே ஃபோன் மணியும் அடித்தது.

மழைக்கு முந்திவிட வேண்டுமென்று, முற்றத்தில் காய்ந்த கறாம்பைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்த மஸூதா கையை உதறிவிட்டு ஓடினாள்.

அழைப்பு இல்லை. செஸ் ஆடும் தளத்திலிருந்து ஓர் அறிவித்தல்.

'நீங்கள் முறையிட்ட ஆட்டக்காரர், கணினி நிரலின் உதவியோடு ஆடியது உறுதியாகிவிட்டது. அவருடைய கணக்கு மூடப்படுகிறது. அவரிடம் நீங்கள் இழந்த புள்ளிகள் திருப்பித் தரப்படுகின்றன.'

அந்த ஆட்டக்காரர் அவளுடைய கணவன் ஹஸீப்.

ஹஸீபின் தங்கை றிஸ்மியா படங்குத் துணியால் சாக்கை மூடிவிட்டு வந்து, ஃபோனை எட்டிப் பார்த்தாள். இரண்டு தடவை வாசித்தாள்.

"எங்க நானாவுக்கு எதிரா என்ட்ரி போட்டீங்களா மதினி? அப்பிடியே பொலிஸுக்கும் போய்ச் சொல்லிட்டு வாங்க."

மஸூதா சிரிக்கவில்லை.

ஹஸீப் கட்டாருக்குப் போய் நான்கு வருடம். இங்கே நாலரை மணி என்றால் அங்கே இரண்டு மணி, அவனுக்குச் சாப்பாட்டு நேரம். ஒரு நாள் தவறாமல் அந்த நேரத்தில் ஓர் ஆட்டம்.

பாடசாலைக் காலத்தில், மாத்தளையில் நடந்த போட்டியில் அவனை இருபது நகர்த்தலில் தோற்கடித்தவள் மஸூதா. தோற்ற இடத்திலேயே பெண் கேட்டேன் என்று கல்யாண வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தவன் அவன்.

விமானம் ஏறும்போது இருவரும் ஒரே ஒரு பேச்சுப் பேசிக்கொண்டார்கள். ஆட்டத்தில் யாரையும் கேட்கக் கூடாது, கம்பியூட்டரையும் கேட்கக் கூடாது.

அவன் ஆட்டம் அவளுக்கு மனப்பாடம். முதலில் ஓரத்துக் காலாளைத் தள்ளுவான். "வாசல் கேட்டத் தொறந்துட்டேன், வா" என்று எழுதுவான். அவசரப்பட்டு ராணியை வெளியே கொண்டுவருவான். பறிகொடுப்பான்.

"இந்த ராணி போனா என்னா, ஊட்ல ஒருத்தி இருக்காளே."

மூன்று வாரத்துக்கு முன்னால் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'வேற வேல சைட்டுக்கு மாத்திட்டாங்க. ஃபோன் கோல் எடுக்க ஏலாது. ஆட்டத்துக்கு வருவேன்.'

வந்தான். ஆனால் ஓரத்துக் காலாள் நகரவில்லை. ராணி வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பகிடி ஒன்றும் இல்லை. யோசிக்க வேண்டிய இடத்திலும், யோசிக்கவே தேவையில்லாத இடத்திலும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒன்பது விநாடி.

பதினெட்டு ஆட்டம். பதினெட்டிலும் மஸூதா தோற்றாள்.

கடைசி ஆட்டம் முடிந்ததும், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நிரலைத் திறந்து, அவன் ஆடியதை அதில் போட்டுப் பார்த்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. அத்தனையும் நிரல் சொன்ன நகர்த்தல்.

அவனுடைய அறைத் தோழன் றிஸ்கானிடம் கேட்கலாமா என்றுகூட யோசித்தாள். யட்டவத்த ஊர்ப் பெடியன். அவள் கொடுத்தனுப்பும் கறித்தூளுக்காகவே அவளை அக்கா முறை வைத்து ராத்தா, ராத்தா என்று கூப்பிடுபவன். ஆனால் புருஷனைப் பற்றி இன்னொருவரிடம் எப்படிக் கேட்பது?

நேரே அவனுக்கே எழுதினாள்.

'நீங்களே யோசிச்சுத்தான் ஆடுறீங்களா?'

'ஓம்' என்று உடனே பதில் வந்தது.

'வல்லாஹி சொல்லுங்க.'

அல்லாஹ் மேல் சத்தியம். ஹஸீப் அதைச் சும்மா சொல்கிறவன் இல்லை. சொல்லிவிட்டால் அவளும் நம்பிவிடுவாள்.

அவன் எழுதுவதைக் காட்டும் மூன்று புள்ளிகள் திரையில் வந்தன. மறைந்தன. மறுபடி வந்தன. மறைந்தன.

பதில் வரவேயில்லை. மறுநாள் நாலரைக்கு, ஒன்றுமே நடக்காத மாதிரி, அவன் பக்கத்துக் குதிரை ஒன்று முன்னால் பாய்ந்து நின்றது.

அப்போதுதான் மஸூதா அந்த ஆட்டத்தை ஆடாமல், முறைப்பாட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

ஒரு சதம் பந்தயம் இல்லாத ஆட்டம். இதிலேயே பொய் சொல்கிறவன் வேறு எதில்தான் சொல்லமாட்டான்? வேறு சைட் என்றானே, அது உண்மையா? கோல் எடுக்க முடியாது என்றானே, அது? மூன்று நாளாக இந்த யோசனைதான் அவளை அரித்தது. சோறு வடிக்கும்போதும், கறாம்பு புடைக்கும்போதும்.

இப்போது தீர்ப்பு வந்துவிட்டது. ஆனாலும் நெஞ்சு இலேசாகவில்லை.

மழை தகரத்தில் இறங்கியது.

ஃபோன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை அழைப்பு. திரையில் ஹஸீபின் பெயர்.

"கணக்க மூடினதும் கோல் எடுக்க ஏலுமாகிட்டு, பாத்தீங்களா?" என்றாள் றிஸ்மியா. "எடுங்க மதினி. நல்லா ஏசுங்க."

மஸூதா ஃபோனைக் காதில் வைத்தாள். மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த கேள்வி நாக்கு நுனியில் நின்றது.

"ஏன் என்கிட்டப் பொய் சொன்னீங்க?"

அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. ஹஸீபின் குரல் இல்லை.

"ராத்தா, நான் றிஸ்கான்... எனக்குக் குதிர எப்பிடிப் போகும்னுகூடத் தெரியாது. ஐசியூவுக்குள்ள கொண்டுபோகக்குள்ள ஹஸீப் நானாதான் ஃபோன என் கையில தந்து சொன்னாரு, ஒரு நாளும் ஆட்டம் நிக்கக் கூடாது, நின்னா அவளுக்கு வெளங்கிடும்னு."