பதினோரு மணிக் குரல்

எதிர்வீட்டுக்காரியின் தோளில் அளவு நாடாவை வைத்தபடியே தையல்காரி வானொலியை முறைக்கிறாள். முள் அதே எண்ணில்தான் நிற்கிறது. வருவதோ தகரத்தை உருட்டிவிட்ட மாதிரி ஒரு பாட்டு. பதினோரு மணிக்கு இந்த எஃப்.எம்.மில் அவள் வீட்டுக்காரர்தான் பழைய பாட்டு போட்டு, தொட்டிலில் தூங்கும் குழந்தையை எழுப்பிவிடாமல் பேசுவதுபோலப் பேசுவார். தெருவே அதைக் கேட்டுக் கொட்டாவி விட்டது. அவளிடம்தான் யாரும் சொன்னதில்லை. ஆரம்பத்தில் எல்லாப் பாட்டும் போட்ட நிலையம், பிறகு பழையது மட்டும் என்றது. இன்றுமுதல் இந்த வருடத்துப் பாட்டு மட்டும்தானாம். "என்னையும் பழசுன்னு தள்ளிடுவாங்களோ?" என்று வாரம் முழுக்கப் புலம்பியவர், காலையில் வாயே திறக்காமல் சாப்பாட்டுப் பையோடு கிளம்பிப் போனார். பாட்டு முடிகிறது. "என்ன மக்களே, தூங்கினது போதும், எழுந்து ஆடுங்க" என்று ஒரு விடலைக் குரல் மூச்சுவிடாமல் துள்ளுகிறது. எதிர்வீட்டுக்காரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இது அண்ணன் நேரமாச்சே. யாருக்கா இந்தப் பையன்? சரியான வாலு." தையல்காரி உதட்டைப் பிதுக்கும்போது, அந்த விடலை பேச்சுக்கு நடுவே மெல்லச் செருமுகிறான். கல்யாணமான நாளிலிருந்து பக்கத்துத் தலையணையில் அவள் கேட்டுவரும் செருமல். வேலை தப்பியதற்குச் சிரிப்பதா, ஐம்பது வயதில் மனுஷன் போடுகிற இந்தக் கூத்துக்கு அழுவதா என்று தெரியாமல் முகம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. "என்னக்கா, தெரிஞ்ச பையனா?"

"புதுசா சேர்ந்திருப்பான் போல" என்கிறாள் தையல்காரி, வானொலியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தபடி.