மூன்றாம் தளத்தில் நிற்பவர்

சாந்தியாகோ பேஸ்பால் மைதானத்தில் ஞாயிறு மாலை வெயில் மூன்றாம் தளத்தின் மேல் சாய்ந்து கிடக்கிறது. ஓடிவருபவனை நிற்கச் சொல்வதா, புள்ளி எடுக்கக் கடைசித் தளத்துக்கு விரட்டுவதா என்று அங்கிருந்து கைகாட்டுபவர் பயிற்சியாளர் எவாரிஸ்தோ. இந்த டொமினிக்கன் மண்ணிலிருந்து போய் மெக்சிகோ, தைவான் என்று கூப்பிட்ட அணிக்கெல்லாம் ஆடியவர், எங்கும் நிலைத்ததில்லை. சற்றுமுன் அவர் விரட்டிய ஆள் அவுட். "கண்ணை எங்கய்யா அடகு வச்சே?" என்று என் பக்கத்து இருக்கை மிலாக்ரோஸ் கத்துகிறாள். "வீட்ல பத்திரமா இருக்குக்கா, ஞாயித்துக்கிழமை அதுக்கும் லீவு!" என்கிறார் அவர். கூட்டம் சிரிக்கிறது, மன்னிக்கவில்லை. இப்போது கடைசி இன்னிங்ஸ்; ஒரு புள்ளி கிடைத்தால் வெற்றி. அடிபட்ட பந்து வலப்பக்கம் பறக்க, அணியிலேயே மெதுவாக ஓடும் பெர்னாபே மூச்சிரைக்க மூன்றாம் தளத்தை நெருங்குகிறான். "நிறுத்துய்யா அவனை!" என்று மைதானமே அலறுகிறது. எவாரிஸ்தோ தூரத்தில் பந்தைப் பொறுக்குபவனின் கால்களைப் பார்க்கிறார். அவன் லேசாகத் தடுமாறுகிறான். உடனே அவர் கை காற்றாடியாய்ச் சுழல்கிறது. "ஓடுடா! நிக்காதே, ஓடு!" புழுதி எழுகிறது. நடுவர் இரு கைகளையும் அகல விரிக்கிறார்: அவுட் இல்லை! மிலாக்ரோஸ் பியரைக் கொட்டிவிட்டு என்னைக் கட்டிக்கொள்கிறாள். எல்லோரும் பெர்னாபேயைத் தூக்க ஓடுகிறார்கள். எவாரிஸ்தோ மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறார். உயர்த்திய கையை இறக்க அவருக்கு இன்னும் தோன்றவில்லை.