மறுபடியும் ஏழு நாள்

கல்மண்டபத்தில் ஏழு நாள் காலைத் தரையில் ஊன்றாமல் சைக்கிள் சுற்றி வித்தை காட்டிய லியோனார்ட், முந்தாநாள்தான் இறங்கினான். அதற்குள் திருவொற்றியூரில் இன்னொரு ஏழு நாள் சுற்றப் போவதாக விளம்பரத் தட்டி வைத்தாகிவிட்டது.

எதிர்வீட்டு ஃப்ளோரன்ஸ் பதறிக்கொண்டு வந்தாள்.

"இன்னாக்கா இது? சீசனுக்கு ஒரு தபா சுத்தினா போதாதா? தொடையெல்லாம் கன்னிப் போயி கீது. ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்?"

அவள் கண் கலங்குவதைப் பார்க்கப் பார்க்க லியோனார்டின் மனைவி இருதயம்மாளுக்கு வயிறு எரிந்தது.

"சுத்தட்டும். அடுத்தாப்ல எண்ணூர்லயும் சுத்தச் சொல்லிக்கீறேன்."

"கல்நெஞ்சுக்காரிக்கா நீ! புருசன் மேல ஆசையே இல்லியா?"

இருதயம்மாள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கீது. அதுக்குத்தான் சுத்தச் சொல்றேன். சைக்கிள்ல இர்ந்த அந்த ஏழு நாளுதான்டி அந்தாளு உன் வூட்டு வாசப்படிய மிதிக்கல!"