கீழே கயிறு பிடித்த ஆள்

கீழே இலைச் சந்தில் தெரிந்தது அய்யாக்குட்டியின் சட்டை. காவிக் கட்டம் போட்ட அந்தச் சட்டையை ஆயிரம் சட்டைக்கு நடுவில் வைத்தாலும் எபனேசர் அடையாளம் சொல்வான். மாசியில் மஞ்சள்காமாலை வந்து செத்துப்போன அய்யாக்குட்டியைச் சுடுகாடு வரை தூக்கிப் போனவர்களில் அவனும் ஒருவன்.

பலாமரத்தின் உச்சிக் கவட்டில், இடுப்பு பெல்ட்டோடு அப்படியே உறைந்துபோனான். அடுத்த காற்றில் இலைகள் மூடிக்கொண்டன. சட்டையைக் காணவில்லை.

மரம் ஏறி வெட்டுவதுதான் எபனேசருக்குப் பிழைப்பு. தென்காசியிலிருந்து செங்கோட்டை வரை, வீட்டின் மேல் சாய்ந்த மரமென்றால் அவனுக்குத்தான் போன் வரும். அறுக்கிற கிளையை முதலில் கயிற்றில் கட்டுவான். கீழே நிற்கும் ஆள் அந்தக் கயிற்றை அடிமரத்தில் சுற்றிப் பிடித்து, கிளையை ஓட்டில் படாமல் மெல்ல இறக்க வேண்டும். வருடக்கணக்காக அந்த இடத்தில் நின்றவன் அய்யாக்குட்டி.

சீசன் நேரத்துக் குற்றாலத்தில் அருவி இரைச்சலும் அறுப்பு மெஷின் சத்தமும் சேர்ந்தால், தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதனால் பேச்செல்லாம் கயிற்றில்தான். கீழிருந்து ஒரு இழுப்பு என்றால் 'அறு'. இரண்டு என்றால் 'கிளை இறங்கியாச்சு, கயிற்றை எடுத்துக்கோ'. மூன்று என்றால் 'கையை எடு, ஆபத்து'. வீட்டில் பிள்ளையின் தொட்டிலைக்கூட இந்த மனுஷன் இதே கணக்கில்தான் இழுக்கிறார் என்று அய்யாக்குட்டியின் பெண்டாட்டி பேராச்சி அலுத்துக்கொள்வாள்.

அவன் போன பிறகு வந்தவர்கள் ஒருவரும் உருப்படியில்லை. போன மாதம் இலஞ்சியில் கயிறு கை நழுவி, ஒரு கிளை கார் ஷெட்டைப் பிளந்தது. அதிலிருந்து போன் வருவதே நின்றுபோன மாதிரிதான். இன்று ஜோதிலட்சுமி டீச்சர் வீட்டில் ஒரே ஒரு ஓடு உடைந்தாலும் போதும், மெஷினை விற்றுவிட்டுக் கொல்லத்தில் மச்சானின் பேக்கரிக்கு மாவு பிசையப் போய்விடுவது என்று எபனேசர் முடிவு செய்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பேராச்சி வந்து, "எனக்கு ஒரு வேலை பாத்துக் குடுங்க அண்ணாச்சி" என்று நின்றாள். "ஜவுளிக் கடையில சொல்லிவைக்கேன்" என்று சமாளித்து அனுப்பினான். தன் பிழைப்பே ஆடிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு எங்கே போய் வேலை தேடுவது.

இன்று கயிறு பிடிக்க வந்தவன் அச்சன்புதூர் ஜோயல். அவனுக்கு ஒரு இழுப்பையும் இரண்டு இழுப்பையும் மட்டும் சொல்லிக்கொடுத்தான். மூன்றாவது அய்யாக்குட்டியோடு போகட்டும் என்று விட்டுவிட்டான். ஆட்டுக்குக் குழை பொறுக்க வந்திருந்த பெண்களை ஏறிட்டுப் பார்க்காமலே தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மரமேறினான்.

முதல் கிளை வெடுக்கென்று இறங்கியதில், மயிரிழையில் ஓடு தப்பியது. அப்புறம் கொஞ்ச நேரம் கயிறு அசையவே இல்லை. மறுபடி அசைந்தபோது பிடி மாறியிருந்தது. தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவது போல ஒவ்வொரு கிளையும் தரைக்குப் போனது. ஜோயலுக்கு இவ்வளவு சீக்கிரம் கை பழகிவிட்டதா என்று எட்டிப் பார்த்தபோதுதான் அந்தச் சட்டை.

"ஏசப்பா" என்று முனகினான். இறங்கவும் பயம், இருக்கவும் பயம். மிச்சம் இருந்தது அடுப்பங்கரைக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருந்த பெரிய கிளை. அதில் கயிற்றைக் கட்டினான். கீழே கயிறு இறுகியது. மெஷினை ஓடவிட்டுக்கொண்டு ஒரு இழுப்புக்குக் காத்திருந்தான்.

கயிறு மூன்று முறை இழுபட்டது.

ஜோயலுக்குச் சொல்லியே தராத இழுப்பு. மெஷினை அணைத்துவிட்டு முடிச்சைத் தடவிப் பார்த்தான். சாரலில் நனைந்த பட்டையில் சுருக்கு வழுக்கி, பாதி அவிழ்ந்து கிடந்தது. கயிற்றைப் பிடித்திருக்கும் கைக்கு மட்டும்தான் அந்த நழுவல் தெரியும். அறுத்திருந்தால் கிளை அப்படியே அடுப்பங்கரையைப் பிளந்துகொண்டு போயிருக்கும்.

திரும்ப இறுக்கிக் கட்டினான். ஒரு இழுப்பு வந்தது. அறுத்தான். ஓர் ஓடுகூட அசையாமல் கிளை இறங்கியது. இரண்டு இழுப்பு.

மரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எபனேசர் அழுதான். செத்த பிறகும் என் பிழைப்பைக் காப்பாற்ற வந்து நிற்கிறானே என்று நினைத்துக்கொண்டான். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

இறங்கினான். அடிமரத்துக்கு அந்தப் பக்கம் காவிக் கட்டத் தோளும், சாரலுக்குத் துண்டு கட்டிய தலையும் மட்டும் தெரிந்தன. சுற்றிப் போய்ப் பார்க்கத் துணிவில்லை.

"எனக்காவ நின்னது போதும்லே அய்யாக்குட்டி" என்றான். "நிம்மதியாப் போயிரு."

சேலைக்கு மேல் புருஷனின் சட்டையை மாட்டியிருந்த பேராச்சி, துண்டை அவிழ்த்துக்கொண்டே திரும்பினாள்.

"ஜோயலுக்கு உள்ளங்கை உரிஞ்சிட்டுது, குழை பொறுக்க வந்த நான்தான் பிடிச்சேன். போகச் சொல்லாதீங்க அண்ணாச்சி, நாளைக்கு எந்த மரம்?"