சேற்றுப் பலகை

“இந்தச் சேறு பிடிச்ச பலகையை என் சக்கரத்துக்கு அடியில வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” ஏரிக்கரையில் வந்து நின்றதிலிருந்து அடுப்பும் படுக்கையும் உள்ள கேரவன் வண்டிக்கு இதே பாட்டு.

“எடுத்துட்டா நீ இடது பக்கம் சாய்ஞ்சு கிடப்பே, மகாராணி,” என்றது பலகை.

“என்னைத் தூக்கி நிறுத்த நாலு மூலையிலும் ஜாக்கி இருக்கு.”

ஜாக்கிகள் நெளிந்தன. “அக்கா, நீங்க ஆடாம பிடிச்சுக்கத்தான் நாங்க. தூக்கச் சொன்னா வளைஞ்சிடுவோம்.”

கேரவன் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சாயங்காலம் மழை கொட்டி, தரை களியாகக் குழைந்தது. பலகை வைக்காத பக்கத்து வண்டி ஒரு சக்கரம் புதைந்து சரிய, அதன் பாத்திரமெல்லாம் உருண்டன. ஆனால் கேரவனின் அடுப்பில் ஊற்றிய தோசை, ஒரு பக்கமும் ஓடாமல் வட்டமாகவே வெந்தது. கீழே பலகை கழுத்துவரை சேற்றில் அழுந்தி, மூச்சுக் காட்டாமல் தாங்கிக்கொண்டிருந்தது.

“நீ நல்லா இருக்கணும், தாயி,” என்றது கேரவன்.

“சும்மா இரு, மகாராணி. கூச்சமா இருக்கு,” என்றது பலகை.

விடிந்ததும் டிரைவர் அருளப்பன் ஜாக்கிகளை மேலே மடக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினார். சக்கரம் பலகையிலிருந்து இறங்கியது. பலகை சேற்றிலேயே கிடந்தது.

“அண்ணே, என் பலகை! அதை எடுத்து ஏத்துங்க அண்ணே!”