மூன்று கால் ஓட்டம்

கோட்டைமேட்டுத் தொடக்கப்பள்ளியில் கடைசி மணி அடித்து ஓய்கிறது. சாய்ந்த வெயிலில் மைதானத்துப் புழுதி பொன்னாக மிதக்க, வாசல் கரும்பலகையில் ஷ்ரவ்யா டீச்சர் அடுத்த வார விசேஷங்களை எழுதிக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை கண் பரிசோதனை. சனிக்கிழமை குடும்ப விழா. அதன் கீழே 'பெற்றோரும் பிள்ளையும்: மூன்று கால் ஓட்டம்' என்று சாக்பீஸ் கிறீச்சிடும்போது, மகளை அழைத்துப்போக வந்த ஜாஹிதா அப்படியே நின்றுவிடுகிறாள். அவள் இங்கே இரண்டாம் வகுப்புப் படித்தபோது, அத்தா கடையைச் சாத்திவிட்டு ஓடிவந்து, தோளில் கிடந்த துண்டால் இருவர் காலையும் சேர்த்துக் கட்டினார். கடைசியாகத்தான் வந்தார்கள். ஆனாலும் ஜெயித்தவரைப்போல அவள் கையைத் தூக்கிக் காட்டினார். அவர் சட்டையில் அத்தரும் வேர்வையும் கலந்து மணத்தது. அத்தா இப்போது இல்லை.

"இந்த வருசமாவது வருவீங்களாம்மா?" என்கிறாள் யுஸ்ரா, பையின் வாரை முறுக்கியபடி. "போன தடவை ஆபீஸுன்னு சொல்லிப்போட்டீங்க."

"அப்ப யாரோட ஓடுனே கண்ணு?"

"ஓடலீங்கம்மா. கடைசிக் கோட்டுக்கிட்ட கயிறு புடிச்சுட்டு நின்னேன்."

ஜாஹிதா செருப்பைக் கழற்றுகிறாள். கழுத்திலிருந்த ஆபீஸ் அட்டையை நாடாவோடு உருவி, மகளின் வலது காலையும் தன் இடது காலையும் சேர்த்துக் கட்டுகிறாள். இரண்டடி வைப்பதற்குள் தடுமாறி, ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பூட்டும் சாவியுமாக வந்த ஷ்ரவ்யா டீச்சர், "ஏனுங்க, கேட்டைப் பூட்டோணுங்க" என்று ஆரம்பித்தவர், சற்று நேரம் பார்த்துவிட்டுப் படியில் உட்காருகிறார்.

"கட்டுன கால மொதல்ல வைங்க அம்மணி."